ஜிகினாவுக்கு முன்னால்: விக்டோரியா கால வாழ்த்து அட்டையைப் பிரித்துப் பார்ப்போம்

மார்கழி முடியும் நேரத்தில் மும்பையின் மாட்டுங்கா, செம்பூர், தாராவி வீடுகளின் கதவிடுக்கில் வந்து விழுந்த பொங்கல் வாழ்த்துகளைப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் பாதி தெரிந்ததுதான். ஒட்டாத உறை, மூடிமடலை உள்ளே செருகியிருக்கும். மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதியிருக்கும். உள்ளே கரும்பு, பானை, காளை, விரலில் ஒட்டிக்கொண்டு இரண்டு நாளுக்குப் போகாத ஜிகினா. சிவகாசியின் கைவரிசை என்று நாம் நினைக்கிற பலதும் 1840க்கும் 1900க்கும் இடையில், விக்டோரியா மகாராணி காலத்தில், லண்டனிலும் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் முடிவானவை. திறந்த உறைக்கு மலிவுத் தபால், மின்னும் தூள், மேடு தட்டிய எம்போஸ், அச்சிட்ட வாழ்த்துக்குக் கீழே பெயர் எழுத ஒரு கோடு, எல்லாமே அங்கே ஆரம்பித்தவை.

அச்சிட்ட அன்பு கடன் வாங்கிய அன்பு என்று சொல்கிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அந்தக் கால அட்டை ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. அவை கண்ணுக்காக மட்டும் செய்தவை இல்லை. தூக்க ஒரு மடிப்பு, இழுக்க ஒரு நாக்கு, முகர ஒரு சிறு பொதி, தடவ ஒரு பட்டுக் குஞ்சம் என்று விரலுக்கு வேலை வைத்தவை. இயந்திரம் செய்தது பாதி. மீதியை அனுப்புகிறவரும் பெறுகிறவரும் செய்ய இடம் விட்டிருந்தார்கள்.

முதலில் தபால் கட்டணம்

1840க்கு முன் பிரிட்டனில் கடிதக் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. பெரும்பாலும் பெறுகிறவர்தான் காசு கொடுப்பார். உறை என்பதே ஒரு கூடுதல் தாள், அதற்கும் கட்டணம். அதனால் காதல் கடிதமும் கணக்குக் கடிதமும் ஒரே உருவம்: ஒற்றைத் தாள், மடித்து அரக்கு முத்திரை.

1840 ஜனவரி 10 அன்று நாடு முழுக்க ஒரே கட்டணம் வந்தது. அரை அவுன்ஸ் வரை, அதாவது சுமார் 14 கிராம் வரை, ஒரு பென்னி. தாள் எண்ணுவது போய் எடை பார்ப்பது வந்ததும் உறைக்குத் தடை போயிற்று. உறை வந்ததும் உள்ளே இருப்பது கசங்காது என்ற தைரியம் வந்தது. பூவேலைத் தாளும் ரிப்பனும் பட்டும் கடிதத்துக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான். ரசனை மாறியதால் கலை பிறந்தது என்று எழுதுகிறவர்கள் தபால் கட்டண அட்டவணையை ஒரு முறை பார்த்துவிட்டு எழுதலாம்.

இதே மலிவு வசவையும் சுமந்தது. வாலண்டைன் என்றால் காதலர் தின வாழ்த்து; அதில் காடி (வினிகர்) வாலண்டைன் என்று ஒரு வகை உண்டு. மலிவான ஒற்றைத் தாளில் கோரமான ஒரு கேலிச் சித்திரம், அவசரமாகத் தடவிய சாயம், கீழே நாலு வரி நக்கல். கஞ்சன், குடிகாரன், வாயாடி என்று ஆளுக்கேற்றபடி கடையில் தேர்ந்தெடுத்துப் பெயர் போடாமல் அனுப்புவார்கள். கிழித்துப் போடவே வந்த தாள் என்பதால் இன்று கிடைப்பது அபூர்வம். அன்பான அட்டையைப் பெட்டியில் வைத்தார்கள், இதை அடுப்பில் வைத்தார்கள்.

விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை 1843இல் ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரி சொல்லி, ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்தது. அளவு சுமார் 13 × 8 செ.மீ. கோடுகள் கல்லச்சில், நிறம் கையால். நடுவில் ஒரு குடும்பம் கோப்பையை உயர்த்துகிறது. இரு பக்கமும் பசித்தவருக்கு உணவு, இல்லாதவருக்குத் துணி. பெறுநர் பெயருக்கும் அனுப்புநர் பெயருக்கும் வெற்றிடம். விலை ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு கடிதத்தின் தபால் செலவு. சின்னக் குழந்தையின் வாயில் ஒயின் வைப்பதுபோல் வரைந்திருந்ததால் மதுவிலக்குக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். கலை வரலாற்றில் அதற்கு என்ன இடம் கொடுத்தாலும் வியாபாரமாக அது முந்திப் பிறந்த பிள்ளை. சாமானியர் கைக்கு அட்டை வந்தது 1870 அக்டோபரில் அரைப் பென்னித் தபால் வந்த பிறகு. தபாலட்டைக்கும், ஒட்டாத உறையில் போகும் அச்சுத்தாளுக்கும் பாதி விலை. நம் 'புக் போஸ்ட்' இந்தக் கிளையின் பேரன். இந்தியாவில் 1854இல் கால் தோலா (சுமார் 3 கிராம்) கடிதத்துக்கு அரையணா; 1879 ஜூலையில் காலணா தபாலட்டை.

அட்டைகளில் மூக்கில் கடிதத்தைக் கவ்விய செம்மார்புக் குருவி (ராபின்) அடிக்கடி வரும். அப்போதைய தபால்காரரின் சீருடை சிவப்பு. அவர்களுக்கே அந்தக் குருவியின் பெயரைப் பட்டப்பெயராக வைத்திருந்தார்கள். செத்து மல்லாந்த குருவியைப் போட்டு இனிய கிறிஸ்துமஸ் சொன்ன அட்டைகளும் இருக்கின்றன. அதற்கு என்ன விளக்கம் சொன்னாலும் எனக்கு ஒட்டவில்லை.

பன்னிரண்டு நிறம், பன்னிரண்டு கல்

1870களுக்குப் பிந்தைய வண்ண அட்டைகளில் பெரும்பாலானவை வண்ணக் கல்லச்சு. கல்லச்சு ஜெர்மனியில் 1790களில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டது. அதைப் பல நிறத்துக்குக் கொண்டுபோன முறைக்கு 1837இல் கோட்ஃபிரா எங்கல்மான் காப்புரிமை பெற்றார். கல் பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பதுதான் சூட்சுமம். கல்லின் மேல் மணலும் நீரும் விட்டு இன்னொரு கல்லால் தேய்த்துச் சொரசொரப்பாக்குவார்கள். கொழுப்புள்ள மையால் வரைந்து, வேலம்பிசின் கரைசலில் துளி நைட்ரிக் அமிலம் கலந்து பூசுவார்கள். பிறகு கல்லை நனைத்து மை உருளை ஓட்டினால் வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும்.

ஒரு நிறத்துக்கு ஒரு கல். நல்ல அட்டைக்கு எட்டு முதல் இருபது வரை. 60 × 45 செ.மீ. பரப்பும் 8 செ.மீ. கனமும் உள்ள ஒரு கல் ஏறத்தாழ 55 கிலோ. பன்னிரண்டு நிறமென்றால் அறுநூறு கிலோவுக்கு மேல் கல், ஒரு உள்ளங்கை அகல ரோஜாவுக்கு.

முதலில் வெறும் கோடுகள் மட்டும் உள்ள தலைமைக் கல். அதிலிருந்து ஒரு படி எடுத்து, செந்தூள் தூவி, மற்ற ஒவ்வொரு கல்லிலும் ஒற்றி வழிகாட்டிக் கோடு போட்டுக்கொள்வார்கள். இந்தக் கோடு கொழுப்பில்லாதது, அச்சில் விழாது. பிறகு கல்லச்சு ஓவியர் உட்கார்ந்து, இந்த முகத்தில் மஞ்சள் எவ்வளவு, இளஞ்சிவப்பு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று மனத்திலேயே பிரித்துப் பேனா முனையால் புள்ளி புள்ளியாக வைப்பார். கேமரா இல்லை, வடிகட்டி இல்லை. அட்டையில் பெயர் வருவது மூல ஓவியருக்கு. இந்தப் புள்ளிக்காரருக்குப் பெயரே இல்லை. அந்தக் கன்னத்தின் மென்மை முழுக்க அவர் கை.

அட்டை சிறியது என்பதால் ஒரே உருவத்தை மாற்றுத்தாளில் பல படி எடுத்துப் பெரிய கல்லில் வரிசையாக இறக்கி, ஒரு தாளில் டஜன் கணக்கில் அச்சிடுவார்கள். பொன்னிறம் இருந்தால் பெரும்பாலும் அதுதான் முதல். பசபசப்பான வார்னிஷை அச்சிட்டு வெண்கலத் தூளைத் தூவித் துடைப்பார்கள். கடைசியில் வைத்தால் முந்தைய நிறங்களின் ஈரத்திலும் தூள் ஒட்டி அட்டை முழுக்கப் பொன் பூசின மாதிரி ஆகிவிடும். அதற்கப்புறம் மஞ்சள், தோல் நிறம், சிவப்பு, நீலம் என்று வெளிறியதிலிருந்து அடர்த்திக்குப் போவார்கள். ஒவ்வொன்றும் காய வேண்டும்.

இதில் பெரிய எதிரி காற்றின் ஈரம். தாள் ஈரத்தில் விரியும், அதுவும் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே அதிகம். இன்று அடித்த மஞ்சளுக்கும் நாளை மறுநாள் அடிக்கும் சிவப்புக்கும் நடுவில் பெரிய தாள் இரண்டு மில்லிமீட்டர் விரிந்தாலே உதட்டுச் சிவப்பு முகவாய்க்கு இறங்கிவிடும். தாள் ஓரத்தில் அச்சிட்ட கூட்டல் குறிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். மும்பையின் ஜூலையில் இதைச் செய்வதை நினைத்துப் பாருங்கள். 1894இல் ரவிவர்மா அச்சகம் ஜெர்மன் இயந்திரங்களோடும் ஜெர்மன் கைவினைஞர்களோடும் பம்பாயில்தான் தொடங்கியது. 1896இல் ஊரில் பிளேக் வந்தது. 1899இல் அச்சகம் லோனாவாலாவுக்கு அருகே மளவலிக்குப் போனது. அங்கேயும் மழைக்குக் குறைவில்லை. பின்னாளில் சிவகாசி அச்சுக்குப் பேர் போனதற்கு அதன் வறண்ட காற்றும் ஒரு காரணம். மேலே சொன்ன இரண்டு மில்லிமீட்டரை நினைத்தால் ஏன் என்று புரியும்.

அச்சு முடிந்ததும் பளபளப்புக்கு ஜெலட்டின் அல்லது பிசின் பூச்சு, பிறகு எஃகு அச்சில் அழுத்தி மேடு தட்டுதல், பிறகு ஓரத்தை வெட்டு அச்சால் கத்தரித்தல். தாளாக வாங்கி ஆல்பத்திலும் அட்டையிலும் ஒட்டிய பூ, தேவதை, குழந்தைத் துண்டுகள் இப்படி வந்தவைதான். ஜெர்மனி இதில் கில்லாடி. துண்டுகள் உதிராமல் இருக்க இடையில் மெல்லிய காகிதப் பட்டைகள் விட்டிருப்பார்கள். சில பட்டைகளில் தயாரிப்பாளரின் எழுத்துக் குறி இருக்கும். ஒட்டுகிறவர்கள் பட்டையைக் கத்தரித்துப் போட்டுவிடுவதால், பட்டையோடு முழுத்தாள் கிடைத்தால் விடாதீர்கள். பனி மாதிரி மின்னுவதற்கு அபிரகத் தூளோ அரைத்த கண்ணாடியோ தூவினார்கள். நம் ஜிகினாவுக்கு மூத்தது. கண்ணாடித் தூளான அட்டையை வெறும் விரலால் தேய்க்க வேண்டாம்.

அரத்தால் பிறந்த பூவேலைத் தாள்

வாலண்டைன் அட்டையின் உயிர், லேஸ் துணி மாதிரி ஓட்டை ஓட்டையான அந்தச் சல்லடைத் தாள்தான். லண்டனில் டாப்ஸ் நிறுவனம் முன்பே எஃகு அச்சில் தாளை அழுத்திப் பூவேலை மேடுகளை எழுப்பிக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த ஜோசஃப் ஆடன்புரூக் 1834இல், அச்சில் படிந்திருக்கும்போதே தாளின் மேடுகளைத் தட்டை அரத்தால் தேய்த்தால் மேடு மட்டும் தேய்ந்து ஓட்டையாகும் என்று கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். குத்தூசியால் ஆயிரம் ஓட்டை போடும் வேலை, நாலு தேய்ப்பில் முடிந்தது. உண்மையான பூவேலைத் தாளைத் தடவினால் ஓட்டையின் விளிம்பு ஒரு பக்கம் லேசாகப் பிசிறடிக்கும், சுற்றிலும் மேடு பள்ளம் தெரியும். இன்றைய லேசர் வெட்டில் விளிம்பு வழவழப்பாக, சில சமயம் பழுப்பேறிக் கருகியிருக்கும். மேடு இருக்காது.

மாசசூசெட்ஸில் உள்ள வூஸ்டரில் எஸ்தர் ஹவ்லாண்ட் என்ற பெண் 1840களின் கடைசியில் இந்த இறக்குமதித் தாளை வைத்து ஒரு தொழிலையே கட்டினார். அப்பாவுக்கு எழுதுபொருள் கடை. மாதிரிகளை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போன சகோதரரிடம் 200 டாலருக்கு ஆர்டர் வந்தால் போதும் என்று எதிர்பார்த்தார். அவர் 5000 டாலர் ஆர்டரோடு திரும்பினார். பிறகு வீட்டில் ஒரு நீள மேஜை. ஒருத்தி படம் கத்தரிப்பாள், ஒருத்தி பின்தாள் அடுக்குவாள், ஒருத்தி ஒட்டுவாள். கண்ணெதிரே ஒரு மாதிரி அட்டை இருக்கும்.

இரண்டு உத்திகள் அவர் பெயரோடு சேர்ந்தவை. பூவேலைத் தாளுக்கு அடியில் பளபளப்பான வண்ணத்தாள் துண்டு வைப்பது ஒன்று. ஓட்டைகள் வழியாக நிறம் தெரிந்து வேலைப்பாடு எடுப்பாகும். அடுக்குகளுக்கு நடுவே காகித ஸ்பிரிங் வைத்து மேல் அடுக்கைத் தூக்கி நிறுத்துவது இன்னொன்று. மூன்றாவதும் உண்டு, அதுதான் எனக்குப் பிடித்தது. 1879இல் அவருடைய நிறுவனம் 131 பாக்கள் அச்சிட்ட ஒரு சிறு புத்தகம் வெளியிட்டது. அட்டையின் உள்ளே இருக்கும் பா உங்கள் ஆளுக்குப் பொருந்தவில்லையா? புத்தகத்திலிருந்து ஒன்றைக் கத்தரித்து அதன்மேல் ஒட்டிக்கொள்ளலாம். பழைய அட்டையில் பா ஒட்டுத்துண்டாகத் துருத்திக்கொண்டிருந்தால் சேதம் என்று ஒதுக்காதீர்கள். ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுத்ததற்கான தடயமாக இருக்கலாம்.

அச்சிட்டதன் மேல் கைவேலை ஏற்றும் இந்தப் பழக்கம் நமக்குப் புதிதில்லை. ரவிவர்மா அச்சுப் படத்து லட்சுமியின் சேலைக்கு நிஜச் சரிகையும் சமிக்கியும் ஒட்டிக் கண்ணாடி போட்டு மாட்டிய வீடுகள் நம்மூரில் எத்தனை! கடையில் வாங்கியது காகிதம். பூஜை அறைக்குப் போனது அந்த வீட்டுப் பெண்கள் உடுத்திவிட்ட லட்சுமி.

ஹவ்லாண்ட் பாணியில் ஒன்று செய்ய

எடையிலிருந்து தொடங்குங்கள். 25 × 18 செ.மீ. அட்டையை நடுவில் மடித்தால் 12.5 × 18 செ.மீ. வரும். 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) எடுத்தால் அட்டை மட்டும் 11 கிராமைத் தாண்டும். 160 ஜிஎஸ்எம் கார்ட்ரிஜ் தாள் என்றால் 7 கிராம்தான். 80 ஜிஎஸ்எம் தாளில் செய்த உறை 5 கிராம் சொச்சம், பூவேலையும் ஸ்பிரிங்கும் சேர்ந்து இரண்டு கிராம். பழைய பென்னிக் கணக்கான 14 கிராமை ஒட்டியே நிற்கும். நம் தபாலின் முதல் படியான 20 கிராமுக்குள் தாராளமாக அடங்கும். எல்லாத் தாளும் கிராஃபர்ட் மார்க்கெட் பக்கத்து அப்துல் ரஹ்மான் தெருவில் கிடைக்கும்.

மடிப்பு, தாளின் நார் ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் தாளை இரண்டு திசையிலும் வளைத்துப் பாருங்கள், எதிர்ப்பு குறைவாக இருக்கும் திசையே மடிப்புத் திசை. குறுக்கே மடித்தால் முதுகு வெடித்து வெள்ளைப் பிசிறு தெரியும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அளவுகோல் வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டு மடியுங்கள்.

பூவேலைக்கு, கேக் சாமான் கடையில் கிடைக்கும் நாலரை அங்குலக் காகித டாய்லி (கேக்குக்கு அடியில் வைக்கும் ஓட்டை வேலைப்பாட்டுத் தாள்) போதும். ஹவ்லாண்ட் பார்த்தால் முகம் சுளிப்பார், பரவாயில்லை. அதற்கு அடியில் வைக்கும் வண்ணத்தாளை, ஓட்டைகள் உள்ள பரப்பைவிடச் சுற்றிலும் 3 மி.மீ. சிறியதாக வெட்டுங்கள். அப்போதுதான் ஓரம் எட்டிப் பார்க்காது. கிரேப் தாள் வேண்டவே வேண்டாம். பசையின் ஈரம் பட்டதும் சாயம் கக்கும்.

ஸ்பிரிங்: 120 ஜிஎஸ்எம் தாளில் 1 × 6 செ.மீ. பட்டைகள் நான்கு. ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் முன்னும் பின்னுமாக மடித்தால் ஆறு கட்டங்கள். முதல் கட்டம் அட்டையில், கடைசிக் கட்டம் பூவேலையின் அடியில் ஒட்ட. கட்டங்கள் இரட்டைப்படையில்தான் இருக்க வேண்டும். ஒற்றைப்படையானால் இடம் வலம் சாய்வு சமமாகாது, மேல் அடுக்கு எழும்போது ஒரு பக்கமாக நகரும். முதன்முதலில் செய்கிறவர்கள் எல்லாரும் செய்யும் இன்னொரு தப்பு, உயரம் வேண்டுமென்று பத்துக் கட்டம் வைப்பது. நட்டுக்க நிற்காது, தொங்கும். ஆறு கட்டத்தில் கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் எழும்பும், அது போதும்.

பசைக்குக் கோதுமை மாவுச்சத்து ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. இருபது நிமிடம் ஊறவிட்டு, சிறு தீயில் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். பால் வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி, ஆறியபின் மெல்லிய துணியில் பிழிந்தெடுங்கள். ஃபிரிட்ஜில் நாலைந்து நாள் தாங்கும். மைதாவைக் கரைத்துக் காய்ச்சினால் ஒட்டும், ஆனால் அதன் புரதம் பூச்சிக்கு விருந்து. பூஞ்சை வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் போடும் பழைய வழக்கம் இங்கே ஆகாது. செம்பு, காகிதத்தை அரித்துப் பழுப்பாக்கும். வெள்ளைப் ஃபெவிகால் டாய்லியின் ஓட்டைகள் வழியாக மேலே வந்து காய்ந்து பளபளக்கும்.

பசையைத் தூரிகையால் பூவேலை முழுக்கப் பூசாதீர்கள். தீக்குச்சி முனையால் ஓட்டைகள் சந்திக்கும் இடங்களில் மட்டும் எட்டுப் பத்துப் புள்ளிகள். மேலே பட்டர் பேப்பர், அதன்மேல் தடிமனான புத்தகம், அரை மணி நேரம். மழைக்காலத்தில் ஒரு இரவு முழுக்க. அவசரப்பட்டு எடுத்தால் அட்டை வடகம் மாதிரி வளைந்துகொள்ளும். ஸ்பிரிங்கை மட்டும் கனத்தின் கீழ் வைக்காமல், விரலால் இரண்டு நிமிடம் பிடித்துவிட்டுத் தனியே காயவிடுங்கள். அனுப்பும்போது தபால் நிலைய கவுன்டரில் கையால் முத்திரை குத்தச் சொல்லிக் கேளுங்கள். இயந்திர முத்திரையின் உருளையில் ஸ்பிரிங் கூழாகிவிடும்.

மட்டன் ஸ்ட்ரீட்டில் வாங்கும் முன்

சோர் பஜாரின் மட்டன் ஸ்ட்ரீட் கடைகளில் பழைய அச்சுத் துண்டுகளின் கட்டு கிடைத்தால், 10 மடங்கு லென்ஸ் இல்லாமல் பேரம் தொடங்காதீர்கள்.

லென்ஸில் புள்ளிகளைப் பாருங்கள். சின்னச் சின்ன வட்டங்கள் ரோஜாப்பூ மாதிரி ஒழுங்காகச் சுற்றி அமைந்து, நீலம், ஊதாச்சிவப்பு, மஞ்சள், கறுப்பு நான்கே நிறம் தெரிந்தால் அது ஆஃப்செட் மறுபதிப்பு. எண்பதுகளின் பொங்கல் வாழ்த்து ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண் பழகிவிடும். கல்லச்சில் புள்ளிகள் கையால் வைத்தவை; அளவும் இடைவெளியும் மாறும். வெளிர் ரோஸ், சாம்பல், மங்கல் பழுப்பு என்று தனித்தனி மைகள் தட்டையாகப் படிந்திருக்கும். ஒரு எச்சரிக்கை: 1879இல் பெஞ்சமின் டே கொண்டுவந்த இயந்திரப் புள்ளித்தகடு வந்தபின் சில அசல் கல்லச்சுகளிலும் ஒழுங்கான புள்ளிகள் உண்டு. அங்கே ஒழுங்கு ஒரு நிறத்துக்குள் மட்டும் இருக்கும், ரோஜா வடிவம் வராது.

அடுத்தது புற ஊதா டார்ச். இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து தாளில் வெளுப்பூட்டி சேர்க்கத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட தாள் நீலவெள்ளையாக ஒளிரும். விக்டோரியா காலத் தாள் மந்தமாகக் கிடக்கும். ஒளிர்ந்தால் கீழே வைத்துவிடலாம். ஒளிரவில்லை என்பது மட்டும் அசலுக்கு அத்தாட்சி ஆகாது.

பின்பக்கம்தான் வருடம் சொல்லும். பிரிட்டனில் வடிவமைப்பைப் பதிவு செய்ததற்கான சாய்சதுரக் குறி இருந்தால் 1842க்கும் 1883க்கும் இடையில். அதற்குப் பதில் பதிவு எண் இருந்தால் 1884 அல்லது அதற்குப் பின். 'ஜெர்மனியில் அச்சிடப்பட்டது' என்ற ஆங்கில வரி பிரிட்டனின் 1887ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்துக்குப் பிறகு சகஜமானது. லண்டன் பதிப்பாளரான ரஃபேல் டக் நிறுவனத்தின் அட்டையில் ஓவியப் பலகையும் தாங்கியும் சின்னமாக இருக்கும். அவர்களுக்கு 1893இல் அரச ஆணை, அதாவது அரண்மனைக்குச் சரக்கு தருபவர் என்ற அங்கீகாரம், கிடைத்தது; மகாராணியின் பதிப்பாளர் என்று போட்டிருந்தால் அதற்குப் பிறகு, மன்னர் பெயர் வந்தால் 1901க்குப் பிறகு. தபாலட்டையின் முதுகில் நடுக்கோடு போட்டு இடப்பக்கம் செய்திக்கு விட்டிருந்தால், பிரிட்டனில் அது 1902இல் வந்த ஏற்பாடு. விக்டோரியா அதற்கு முந்தின ஆண்டு ஜனவரியிலேயே இறந்துவிட்டார். கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் அது விக்டோரியா கால அட்டை கிடையாது.

மும்பை மழையில் காப்பாற்றுவது

65, 70 சதவீதத்துக்கு மேல் ஈரம் தொடர்ந்து நின்றால் பூஞ்சை பிடிக்கும். இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை எண்பதைத் தாண்டுவது சாதாரணம். கிளிப் போட்டு இறுக்கும் காற்றுப்புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரமானி. ஐம்பது சதவீதத்தை ஒட்டி நின்றால் நிம்மதி. நாற்பதுக்குக் கீழே போகவிட்டால் ஜெலட்டின் பூச்சு விரிசல் விடும், எனவே ஜெல்லை அள்ளிக் கொட்டாதீர்கள். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கும், ஆரஞ்சு மணிகளை வாங்குங்கள்.

பெரிய ஆபத்து அந்த ஜெலட்டின் பளபளப்புதான். ஈரத்தில் அது இளகிப் பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்ட துண்டைப் பிரித்தால் தேவதையின் முகம் உறையோடு வந்துவிடும். மேடு தட்டிய, பளபளப்பான அட்டைகளுக்கு அமிலமில்லாத மெல்லிய டிஷ்யூத் தாள் சுற்றிப் பெட்டியில் படுக்க வைப்பது மேல். தட்டையான அட்டைக்கு பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியஸ்டர் உறை சரி. பிவிசி உறையும், பிசுபிசுக்கும் பக்கங்கள் கொண்ட ஆல்பமும் கூடாது. லாமினேஷன் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். ராமபாணப் பூச்சி மாவுப் பசையைத் தேடி வரும். பாச்சை உருண்டையைப் பெட்டிக்குள் போடுவதைவிட அலமாரியை மாதம் ஒருமுறை காலிசெய்து துடைப்பது உபயோகம். ஈரப் பஞ்சால் அட்டையைத் துடைக்கவே கூடாது. பட்டுக் குஞ்சம் வைத்த 1880களின் அட்டைகளில் குஞ்சத்தைச் சீப்பால் வாராதீர்கள், நூல் பொடிந்து கையோடு வரும். மென்மையான உலர்ந்த தூரிகை போதும்.

விற்பனையாளர்களுக்குப் பின்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். பென்சில் எழுத்தை ரப்பர் போட்டு அழித்துவிட்டு விலை ஏற்றுவார்கள். எழுதிய அட்டையைத் தேடி வாங்குவதே என் கட்சி. யாரோ ஒருவருக்கு விட்ட வெற்றிடத்தில் யாரோ ஒருவர் பெயர் எழுதினால்தான் அது அட்டை, அதுவரை கடைச் சரக்கு. மை மங்கி வெளிர்பழுப்பாகி ஒன்றுமே படிக்க முடியாததுபோல் இருந்தால், தாளைச் சோதித்த அதே புற ஊதா டார்ச்சை இருட்டறையில் பத்து விநாடி காட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அந்தக் கால இரும்பு மை புற ஊதாவை உறிஞ்சும். மங்கலான கோடுகள் கறுத்து எழும். போனில் படம் எடுத்துக்கொண்டு அட்டையை மூடி வையுங்கள்.